ஈயப் பட்டறையும் சிறுநீரகமும்: ‘உலோக நச்சு நீக்க’ ஊசி ஏற்றிக்கொள்ளலாமா?

வாசகர் கேள்வி:

எனக்கு வயது 44. பழைய பேட்டரிகளை உடைத்து, ஈயத் தகடுகளை உருக்கிக் கட்டியாக வார்க்கும் பட்டறையில் 13 ஆண்டுகளாக இருக்கிறேன். கடைசி 2 ஆண்டுகளாக அங்கேயே மேற்பார்வையாளர். சென்ற ஆண்டு ரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்தது. கால் பெருவிரலில் ‘கவுட்’ வலி மூன்று முறை வந்தது. ஒவ்வொரு முறையும் வலி மாத்திரை போட்டுச் சமாளித்தேன். கிரியேட்டினின் 1.4, சிறுநீரில் புரதம் இல்லை. ‘லேசான ஏற்றம்தான், பார்த்துக்கொள்ளலாம்’ என்றார் மருத்துவர். நண்பர் ஒருவர் சொல்லி, உடலிலிருந்து உலோக நச்சை நீக்குவதாக விளம்பரம் செய்யும் ஒரு மையத்துக்குப் போனேன். ஒரு மாத்திரையை விழுங்கச் சொல்லிவிட்டு, அடுத்த 6 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துப் பரிசோதித்தார்கள். ஈயம், பாதரசம், காட்மியம் மூன்றும் சிவப்புக் கட்டத்தில் வந்திருக்கின்றன. 20 முறை நரம்பில் மருந்து ஏற்றினால் சிறுநீரகம் சுத்தமாகிவிடும் என்கிறார்கள். ஏற்றிக்கொள்ளலாமா? எனக்குப் புகைப் பழக்கம் உண்டு. என் மனைவி பூசும் முக வெளுப்பு கிரீமாலும் சிறுநீரகம் கெடும் என்கிறார்களே, உண்மையா? வீட்டில் 4 வயது மகள் இருக்கிறாள்.

சிறுநீரக மருத்துவரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

அந்த 20 முறை மருந்தேற்றத்துக்கு இப்போது ஒப்புக்கொள்ள வேண்டாம். அதே வேளையில், மையத்தின் அறிக்கை தவறான முறையில் எடுக்கப்பட்டது என்பதாலேயே உங்களுக்கு ஈயப் பாதிப்பு இல்லை என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். அந்தச் சிவப்புக் கட்டங்களைவிட, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் நான்கு செய்திகள்தான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தன: 13 ஆண்டுப் பட்டறை வாசம், நடு வயதில் வந்த ரத்த அழுத்தம், கவுட், சிறுநீரில் புரதம் இல்லாமலேயே ஏறியிருக்கும் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய தசைக் கழிவு. இந்த நான்கும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கும்போது, ஈயத்தால் வரும் நாள்பட்ட சிறுநீரக நோயை ஒருமுறையாவது நினைத்துப் பார்க்காமல் எந்தச் சிறுநீரக மருத்துவரும் அடுத்த நோயாளியை அழைக்கக் கூடாது.

சிறுநீரகத்தை ஒரு சல்லடை என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பதால்தான் ‘கழுவிச் சுத்தம் செய்வது’ என்ற பேச்சு எளிதில் எடுபடுகிறது. சல்லடை வேலை அதன் முதல் கட்டம் மட்டுமே. இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. அவற்றின் தலைப்பில் உள்ள கிளாமருலஸ் என்னும் நுண்நாளக் கொத்துகள் ஒரு நாளில் 180 லிட்டர் அளவுக்கு நீரை வடிக்கின்றன. நாம் கழிப்பதோ ஒன்றரை, இரண்டு லிட்டர். மீதி அத்தனையையும், அதில் கரைந்திருக்கும் சர்க்கரை, உப்பு, அமினோ அமிலம், சிறு புரதங்கள் ஆகியவற்றோடு, கிளாமருலஸை அடுத்து வரும் நுண்குழல்கள் உடலுக்கே திருப்பி எடுத்துக்கொடுக்கின்றன. இந்த மீட்பு வேலையில் மிகப் பெரும் பங்கு, கிளாமருலஸை ஒட்டிய முதல் பகுதியான அண்மைச் சுருள் நுண்குழலுடையது. கன உலோகங்கள் குடியேறும் இடமும் அதுதான். வீணாகக் கூடாது என்று எல்லாவற்றையும் அள்ளி உள்ளே வைத்துக்கொள்ளும் சிக்கனமான செல்கள் அவை. எதை அள்ளுகிறோம் என்று பிரித்தறியும் திறன் அவற்றுக்குப் போதவில்லை.

புகையிலையில் காட்மியம் உண்டு; நீங்கள் புகைப்பவர் என்பதால் அதைக் கொண்டே இதை விளக்குகிறேன். உடலுக்குள் வரும் காட்மியத்தை முதலில் கல்லீரல் பிடித்து, மெட்டலோதயோனின் என்னும் சிறிய புரதத்தோடு கட்டிப்போடுகிறது. அந்தக் கட்டு இருக்கும்வரை காட்மியத்தால் பெரிய தீங்கு இல்லை. ஆனால் அந்தப் புரதம் சிறியது என்பதால், ரத்தத்தில் கலந்ததும் கிளாமருலஸ் வழியாக எளிதில் வடிந்துவிடுகிறது; வடிந்ததை நுண்குழல் செல்கள், மற்ற சிறு புரதங்களை மீட்பது போலவே, உள்ளே இழுத்துக்கொள்கின்றன. உள்ளே போனதும் செல்லின் செரிமானப் பைகள் புரதத்தைச் சிதைத்துவிட, கட்டவிழ்ந்த காட்மியம் செல்லுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. செல் தன் பங்குக்கு மேலும் மெட்டலோதயோனினைச் செய்து அதைக் கட்டப் பார்க்கும். அந்தக் கையிருப்பு தீர்ந்த பிறகு வரும் காட்மியம், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்கும். சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியம் பாதியாகக் குறைய 10 முதல் 30 ஆண்டுகள் பிடிக்கும் என்பதன் காரணம் இந்தச் சுழற்சிதான். சிறுநீரகம் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் ஏற்பாடே அந்த உலோகத்தைத் தன்னிடம் சேர்த்துவைக்கும் ஏற்பாடாகவும் ஆகிவிடுகிறது.

ஈயத்தின் போக்கு வேறு. அது கால்சியத்தின் இடத்தில் புகுந்துகொள்ளும் இயல்புடையது. அதனால் வளர்ந்தவர்களின் உடலில் இருக்கும் ஈயத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் எலும்பில்தான் இருக்கும். ரத்தத்திலும் சிறுநீரகத்திலும் இருப்பது சிறு பங்கு. ஆயினும் அந்தச் சிறு பங்கு எலும்பிலிருந்து ஆண்டுக்கணக்கில் நிரப்பப்பட்டுக்கொண்டே இருக்கும். அது நுண்குழல் செல்லுக்குள் நுழைந்தால், செல்லின் உட்கருவிலேயே புரதத்தோடு சேர்ந்து உருண்டைகளாகத் திரள்வதை நுண்ணோக்கியில் பார்க்க முடியும். நாளடைவில் நுண்குழல்கள் சுருங்கி, அவற்றுக்கு இடையிலுள்ள திசு தழும்பாக இறுகும். கடைசியில் சிறுநீரகமே அளவில் சிறுத்துவிடும். இந்த அழிவு பெரும்பாலும் கிளாமருலஸில் தொடங்குவதில்லை. உங்கள் சிறுநீரில் புரதம் தென்படாததற்கு விளக்கம் இதில் இருக்கிறது. சாதாரணப் பரிசோதனையில் சிறுநீருக்குள் முக்கியெடுக்கும் பட்டை, ஆல்புமின் என்னும் பெரிய புரதத்தைத்தான் முக்கியமாகக் காட்டும். கிளாமருலஸ் பழுதானால் ஆல்புமின் ஒழுகும். நுண்குழல் பழுதானால் ஒழுகுபவை சிறு புரதங்கள். அவற்றுக்கு அந்தப் பட்டையில் நிறம் மாறாது. ஆகவே ‘புரதம் இல்லை’ என்ற சொல், உங்களைப் போன்ற ஒருவரிடம், முன்வாசல் பூட்டியிருக்கிறது என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை.

கிரியேட்டினின் 1.4 என்பதையும் கொஞ்சம் நிதானமாகப் படிப்போம். ஆய்வகத் தாளில் அதற்கு எதிரே 1.2 அல்லது 1.3 என்று மேல் வரம்பு அச்சிட்டிருக்கும், 0.1, 0.2 கூடியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் 44 வயது ஆணுக்கு அந்த எண்ணை இப்போது வழக்கத்திலுள்ள கணக்கீட்டில் போட்டால் வடிதிறன், அதாவது இ.ஜி.எஃப்.ஆர், சுமார் 64 என்று வரும். உங்கள் வயதில் அது 100ஐ ஒட்டி இருக்க வேண்டியது. மூன்றில் ஒரு பங்கு போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கிரியேட்டினின் சோம்பேறித்தனமான அளவுகோல். வடிதிறன் பாதியாகக் குறையும்வரைகூடச் சிலரிடம் அது வரம்பைத் தாண்டாது. மறுபக்கம், தசைக்கட்டு அதிகமுள்ளவர்களிடம் சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே அது சற்று உயர்ந்து நிற்கும். பட்டறையில் உடலுழைப்புச் செய்தவர் நீங்கள் என்பதால், தசையைச் சாராத சிஸ்டாட்டின்-சி என்ற ரத்தப் பரிசோதனையையும் ஒருமுறை செய்துகொண்டால் இந்த ஐயம் தீரும். மூன்று மாத இடைவெளியில் இரண்டாவது முறையும் குறைவாகவே இருந்தால்தான் அதை நாள்பட்டது என்போம்.

கவுட்டைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் கடிதத்தின் மையம். ரத்தத்திலுள்ள யூரிக் அமிலத்தைச் சிறுநீரில் வெளியேற்றுவது இதே நுண்குழல்களின் வேலை. ஈயம் அந்த வேலையைக் கெடுக்கிறது; யூரிக் அமிலம் ரத்தத்தில் தேங்கி, மூட்டில் படிகமாகிறது. இங்கிலாந்து மருத்துவர் ஆல்ஃபிரட் கேரட் 1859இலேயே, தம்மிடம் கவுட்டுக்காக வந்தவர்களில் குழாய் வேலைக்காரர்களும் வண்ணம் பூசுபவர்களும் அதிகமாக இருப்பதைக் கவனித்து எழுதியிருக்கிறார். பிற காரணங்களால் சிறுநீரகம் கெட்டவர்களுக்குக் கவுட் வராமல் இல்லை. இருந்தாலும், சிறுநீரகம் பாதிக்கு மேல் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அது மீண்டும் மீண்டும் வந்தால் ஈயத் தொடர்பை விசாரிக்க வேண்டும் என்பது எங்கள் துறையில் பழைய பாடம். உங்களிடம் விசாரிக்கத் தேவையே இல்லை, முகவரியோடு எழுதியிருக்கிறீர்கள்.

அதே வரியில் இன்னொரு தவறும் இருக்கிறது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. ஏற்கெனவே அடி வாங்கிய சிறுநீரகத்துக்கு அவை இரண்டாவது அடி. அடுத்த முறை பெருவிரல் வீங்கினால் மருத்துவரிடம் போய், உங்கள் இ.ஜி.எஃப்.ஆரைச் சொல்லி, அதற்கேற்ற மருந்தைக் கேட்டு வாங்குங்கள். கொல்ச்சிசின், குறுகிய காலத்துக்கு ஸ்டீராய்டு என்று மாற்று வழிகள் உண்டு. அவற்றின் அளவையும் அவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இனி அந்த மையத்தின் அறிக்கை. நீங்கள் அனுப்பியிருக்கும் நகலின் அடியில், பொடி எழுத்தில், ‘தூண்டலுக்குப் பின் எடுத்த மாதிரி’ என்று போட்டிருக்கிறார்கள். அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் கொடுத்திருக்கும் இயல்பு வரம்போ, மாத்திரை எதையும் விழுங்காதவர்களின் சிறுநீருக்கு உரியது. நீங்கள் விழுங்கியது பெரும்பாலும் டி.எம்.எஸ்.ஏ. என்ற உலோகப் பிணைப்பு மருந்தாக இருக்கும். நண்டு தன் கொடுக்கால் கவ்வுவதைப் போல உலோக அணுவைக் கவ்விச் சிறுநீருக்குள் இழுத்துவருவது அதன் இயல்பு. இப்படிக் கவ்வி நீக்கும் சிகிச்சைக்குள்ள கீலேஷன் என்ற பெயரே கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் வந்தது. எந்த மனிதருக்கு அதைக் கொடுத்தாலும், பட்டறைப் பக்கமே போகாதவருக்குக் கொடுத்தாலும், சில மணி நேரத்துக்குச் சிறுநீரில் உலோகம் கூடத்தான் செய்யும். பிறகு அந்த எண்ணை மருந்து சாப்பிடாதவர்களின் வரம்போடு ஒப்பிட்டால் எல்லாருக்கும் சிவப்புதான் வரும். ஓடி வந்தவனின் நாடித் துடிப்பை உறங்குகிறவனின் துடிப்போடு ஒப்பிட்டு இதய நோய் என்று சொல்வதற்கு இது சமம். அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி இந்தச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று 2009இலேயே நிலைப்பாடு எடுத்திருக்கிறது. உங்கள் அறிக்கையில் ஈயத்துக்கும், வேலைத் தொடர்பே இல்லாத பாதரசத்துக்கும் ஒரே அளவு சிவப்பு தீட்டியிருப்பதைப் பார்க்கும்போதே அந்தத் தாளின் பயன் எவ்வளவு என்பது விளங்கும்.

நேர்மைக்காக ஒன்றைச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் மையத்தில் இதை உங்களிடம் காட்டக்கூடும். 2003இல் தைவானிலிருந்து வந்த ஆய்வொன்றில், உடலில் ஈயச் சுமை மிதமாகக் கூடியிருந்த 64 சிறுநீரக நோயாளிகளில் பாதிப் பேருக்கு முறையான கண்காணிப்பில் கால்சியம் டைசோடியம் இ.டி.டி.ஏ. என்ற உலோகப் பிணைப்பு மருந்தை ஏற்றியபோது, அவர்களின் சிறுநீரகச் சரிவு மற்றவர்களைவிட மெதுவாக இருந்தது. சிறிய ஆய்வு, ஆனால் தள்ளிவிடத் தக்கதும் அல்ல. அதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் ஈயத் தொழிலில் இருந்தவர்கள் அல்லர் என்பது. ஈயச் சுமையையும் குறிப்பிட்ட அளவு மருந்தேற்றி 3 நாள் சிறுநீரைச் சேகரித்து, அதற்கென்றே நிர்ணயித்த வரம்போடு ஒப்பிட்டு அளந்தார்கள். 6 மணி நேரக் குப்பியையும் 20 ஊசி ‘பேக்கேஜை’யும் அந்த ஆய்வின் நிழலில் நிறுத்துவது நியாயம் ஆகாது.

உங்கள் நிலையில் கீலேஷன் ஆபத்தாகவும் முடியலாம். கவ்விய உலோகம் வெளியேற வேண்டிய வழி அதே பழுதுபட்ட சிறுநீரகம்தான். இ.டி.டி.ஏ. அளவு மீறினால் நுண்குழல்களைத் தானே கெடுக்கும். துத்தநாகம் போன்ற தேவையான உலோகங்களையும் வாரிக்கொண்டு போகும். காட்மியத்தைப் பொறுத்தவரை, சிறுநீரகத்தில் தங்கிவிட்டதை வெளியேற்றி நன்மை செய்வதாக நிரூபணமான மருந்து எதுவும் இல்லை. சில மருந்துகள் வேறிடத்தில் இருக்கும் காட்மியத்தைச் சிறுநீரகத்துக்கே கொண்டுவந்து சேர்த்துவிடும். பெயர்க் குழப்பத்தாலும் உயிர் போயிருக்கிறது. கால்சியம் டைசோடியம் இ.டி.டி.ஏ. என்பது ஒன்று, ‘கால்சியம்’ என்ற சொல் இல்லாத டைசோடியம் இ.டி.டி.ஏ. என்பது வேறு. பின்னது ரத்தத்தின் கால்சியத்தையே கவ்விக்கொள்ளும். 2003க்கும் 2005க்கும் இடையில் அமெரிக்காவில் இரு குழந்தைகளும் ஒரு பெண்ணும் கீலேஷனின்போது கால்சியம் சரிந்து இறந்ததை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்திருக்கிறது. இன்னும் ஒன்று: நீங்கள் இப்போதும் அதே பட்டறைக்குள் நிற்கிறீர்கள். ஒரு பக்கம் ஈயத்தைச் சுவாசித்துக்கொண்டே மறுபக்கம் மருந்தால் அதை இறைப்பது, ஓட்டையை அடைக்காமல் படகிலிருந்து நீரை மொண்டு ஊற்றுவது போலத்தான். அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதிகள் ஈயத் தொழிலாளர்களுக்கு முன்காப்பாகக் கீலேஷன் கொடுப்பதை வெளிப்படையாகவே தடை செய்கின்றன. அப்படிக் கொடுத்து ரத்த அளவைக் குறைத்துக் காட்டி, ஆட்களை அதே புகையில் நிறுத்திவைக்கும் ஆசை முதலாளிகளுக்கு வரும் என்பதை அறிந்தே அந்த விதி எழுதப்பட்டிருக்கிறது.

சரியான பரிசோதனை இதைவிட எளியது. எந்த மாத்திரையும் விழுங்காமல், கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிய பிறகு, சிரையிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஈய அளவைப் பாருங்கள். விரல் நுனியைக் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டியிருக்கும் ஈயத் தூசே அளவைக் கூட்டிவிடும். உங்கள் விரல்களுக்கு இது இருமடங்கு பொருந்தும். உலகச் சுகாதார அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமை எட்டினாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து அதைக் குறைக்க வேண்டும். பட்டறைக்காரர்களிடம் அதைப் போலப் பல மடங்கு வருவது புதுமையல்ல. உங்களுக்கு என்ன வந்தாலும் ஒன்றை நினைவில் வையுங்கள்: ரத்த ஈயம் அண்மைக் காலக் கணக்கு, அதன் அரை ஆயுள் ஒரு மாதத்தை ஒட்டியது. ஒரு மாத விடுப்பில் இருந்துவிட்டுப் போய்ப் பரிசோதித்தால் எண் அழகாக இருக்கும், எலும்பில் 13 ஆண்டுச் சேமிப்பு அப்படியே இருக்கும். அதோடு இவற்றையும் பாருங்கள்: ரத்தத்தில் யூரிக் அமிலம், பொட்டாசியம், பைகார்பனேட், பாஸ்பேட். சிறுநீரில் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம். சர்க்கரை நோய் இல்லாதபோதும் சிறுநீரில் சர்க்கரை ஒழுகுகிறதா என்பது. நுண்குழல் பழுதைக் காட்டும் ரெட்டினால் பிணைப்புப் புரதம் அல்லது பீட்டா-2 மைக்ரோகுளோபுலின். ஒருமுறை வயிற்று ஸ்கேன். பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் அமிலத்தன்மை மிகுந்த சிறுநீரில் சிதைந்துபோய்ப் பொய்யான ஆறுதல் தரும் என்பதால், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் முதலாவதைக் கேளுங்கள். தலைமுடிப் பரிசோதனைக்குச் செலவு செய்ய வேண்டாம்.

ஒரு நுணுக்கத்தையும் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். சிறுநீரகம் தளர்ந்தால் உலோகம் வெளியேறுவதும் குறையும். எனவே ஈயம் கூடியதால் சிறுநீரகம் கெட்டதா, சிறுநீரகம் கெட்டதால் ஈயம் தேங்கியதா என்ற கேள்வி எங்கள் துறையில் எப்போதும் உண்டு. உங்கள் விஷயத்தில் 13 ஆண்டு வேலை வரலாறு அந்தத் தராசை ஒரு பக்கம் சாய்க்கிறது. ஆனாலும் ரத்த அழுத்தம் முதலில் வந்து அதுவே சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கும் வாய்ப்பை உங்கள் மருத்துவர் விட்டுவிடக் கூடாது; ஈயமே ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பதால் இவை இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. எது முதலில் வந்திருந்தாலும் அழுத்தத்தை 130/80க்குள் கொண்டுவருவது சிறுநீரகத்துக்கு உடனடியாகச் செய்யக்கூடிய பெரிய நன்மை.

மேற்பார்வையாளர் ஆகிவிட்டதால் ஈயம் உங்களைத் தொடாது என்று எண்ணியிருப்பீர்கள். உருக்கும் கொப்பரைக்கு 10 அடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்தாலும் காற்று அதேதான். ஈயம் உருகும்போது எழும் புகையிலுள்ள துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை போகும் அளவுக்கு நுண்ணியவை. மூக்கில் கட்டும் துணி அவற்றைத் தடுக்காது. முகத்தோடு இறுகப் பொருந்தி, நுண்துகள் வடிப்பான் பொருத்திய சுவாசக் கவசம் வேண்டும். அதைவிட முக்கியமாக, புகை எழும் இடத்திலேயே அதை உறிஞ்சி வெளியேற்றும் ஏற்பாடு வேண்டும். தரையைத் துடைப்பத்தால் உலர்வாகப் பெருக்கினால் படிந்த தூசு திரும்பவும் மூச்சுக்குள் வரும். ஈரம் செய்து துடைக்கச் சொல்லுங்கள், அதைச் சொல்லும் அதிகாரம் இப்போது உங்களிடம் இருக்கிறது. ரத்த ஈயம் கணிசமாக உயர்ந்திருந்தாலோ வடிதிறன் குறைவு உறுதியானாலோ, அந்த வேலையிலிருந்து விலகுமாறுதான் நான் பரிந்துரைப்பேன். சொல்வது எளிது, செய்வது வயிற்றுப்பாடு என்பது எனக்குத் தெரியும். ஆனால் இழந்த நெஃப்ரான்களை எந்த மருந்தும் திருப்பித் தராது, மிச்சமிருப்பவை நீடிக்க வேண்டுமானால் ஈயம் வந்து சேர்வது நின்றாக வேண்டும். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த உடல் ஈயத்தையும் காட்மியத்தையும் கூடுதலாக உறிஞ்சும் என்பதால், அந்தக் குறைகள் இருக்கின்றனவா என்று பார்த்துச் சரிசெய்வதும் பயன்படும். குடிநீரில் உலோகம் இருக்குமோ என்ற ஐயத்தில் கொதிக்கவைத்துக் குடிக்கிறவர்கள் உண்டு. கொதித்தால் நீர்தான் ஆவியாகும், உலோகம் போகாது.

சிகரெட்டுக்கு வருகிறேன். புகையிலைச் செடி மண்ணிலுள்ள காட்மியத்தை இலையில் சேர்த்துவைக்கும் செடி. ஒரு சிகரெட்டில் 1 முதல் 2 மைக்ரோகிராம் காட்மியம் இருக்கும். உணவில் வரும் காட்மியத்தில் குடல் உறிஞ்சுவது ஏறக்குறைய 5 சதவீதம்தான், நுரையீரல் உறிஞ்சுவதோ அதைவிடப் பல மடங்கு. புகைப்பவர்களின் உடலில் காட்மியச் சுமை மற்றவர்களைப் போல ஏறத்தாழ இருமடங்கு. ஸ்வீடனில் லார்ஸ் ஃப்ரீபெர்க் 1950இல் காட்மிய பேட்டரித் தொழிலாளர்களின் சிறுநீரில் புரதம் ஒழுகுவதை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். ஜப்பானின் தொயாமா பகுதியில் சுரங்கக் கழிவு கலந்த ஜின்சு ஆற்று நீர் வயல்களில் பாய்ந்ததன் விளைவு இன்னும் கொடுமையானது: நுண்குழல் பழுதாகி, எலும்புக்கு வேண்டிய தாதுக்கள் சிறுநீரில் ஒழுகிப்போய், பெரும்பாலும் நடு வயது கடந்த பெண்களின் எலும்புகள் நொறுங்கின. ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்று அவர்கள் முனகியதே இதாய்-இதாய் என்று நோயின் பெயராகி, 1968இல் அந்த நாட்டு அரசு அதைச் சுற்றுச்சூழல் மாசால் வந்த நோய் என ஏற்றது. அந்த அளவுக்கு ஒரு சிகரெட்காரர் போக மாட்டார். ஆனால் ஈயம் ஏற்கெனவே குடியிருக்கும் அதே நுண்குழலில் நீங்கள் காட்மியத்தையும் கொண்டுபோய்க் குடியேற்றுகிறீர்கள். அதுவும் பட்டறைக்குள், கழுவாத கையால் சிகரெட்டைப் பிடித்து உதட்டில் வைத்தால், ஈயத்துக்கும் அதுவே பாதை.

உங்கள் மனைவியின் கிரீம் பற்றிக் கேள்விப்பட்டது உண்மைதான். எல்லா வெளுப்பு கிரீமிலும் பாதரசம் இல்லை, இருக்கும் கிரீம்கள் சந்தையில் இருக்கின்றன. கனிமப் பாதரச உப்பு தோலில் கருமை நிறமி உருவாவதைத் தடுப்பதால் அதைக் கலக்கிறார்கள். தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் சேரும் அது, சிலரிடம் கிளாமருலஸின் வடிசவ்வையே நோய் எதிர்ப்பு மண்டலம் தாக்கும்படி செய்துவிடுகிறது. உங்களுக்கு நேர் எதிரான படம் இது: அப்படிப் பாதிக்கப்பட்டவருக்குக் கிரியேட்டினின் இயல்பாக இருக்கும்போதே ஆல்புமின் கொட்டும், சிறுநீர் நுரைக்கும், காலையில் இமையும் மாலையில் காலும் வீங்கும். 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை என்ற பன்னாட்டு ஒப்பந்தம், 10 லட்சத்தில் 1 பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப்பொருள்களைத் தயாரிப்பதையும் ஏற்றுமதி, இறக்குமதி செய்வதையும் நிறுத்தக் கால வரம்பு விதித்தது. பிடிபட்ட கிரீம்களில் அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு இருந்திருக்கிறது. உறையில் உட்பொருள் பட்டியலே இல்லாவிட்டாலோ, ‘மெர்க்யூரஸ் குளோரைடு’, ‘கலோமெல்’ என்று இருந்தாலோ விட்டுவிடச் சொல்லுங்கள். ‘தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்’ என்று எச்சரிக்கை இருந்தாலும் ஐயப்படலாம். பாதரசம் நகையோடு கலந்து அதைக் கெடுக்கும் என்பது தயாரிப்பாளருக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் மனைவிக்குச் சிறுநீரில் பாதரசமும் ஆல்புமினும் பார்த்தால் போதும், இங்கும் மாத்திரை விழுங்காமல். நல்ல செய்தி என்னவென்றால், இந்த வகைப் பாதிப்பு கிரீமை நிறுத்திய சில மாதங்களில் பலருக்குத் தணிந்துவிடுகிறது. குப்பியை மூடி, பிளாஸ்டிக் பையில் கட்டித் தனியே வையுங்கள். தாய் முகத்திலிருந்தும் தலையணையிலிருந்தும் அது குழந்தைக்கும் போகும்.

கடிதத்தின் கடைசி வரியில் மகளைப் பற்றிச் சொன்னீர்கள், கேள்வி எதுவும் கேட்கவில்லை. உங்களுக்கு முன்னால் அவளுக்கு ரத்த ஈயம் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், மரத் திண்ணைகளின் வெயிலில் பொடிந்த ஈய வண்ணம் கையில் ஒட்டி வாய்க்குள் போனதால் குழந்தைகளுக்கு நஞ்சேறுவதை லாக்ஹார்ட் கிப்சன் 1904இல் கண்டு சொன்னார். அந்தத் தலைமுறையில் பிழைத்தவர்கள் பலர் இளம் வயதிலேயே சுருங்கிய சிறுநீரகத்தோடு இறந்தது பின்னால் தெரியவந்தது. இன்றைய அளவுகளில் குழந்தைகளிடம் நாங்கள் அஞ்சுவது சிறுநீரகத்தைவிட மூளையைத்தான். உங்கள் வீட்டில் திண்ணை வண்ணத்தின் வேலையை உங்கள் சட்டை செய்துகொண்டிருக்கக்கூடும். பட்டறையிலேயே குளித்து, தலைமுடியையும் அலசி, வேறு உடை மாற்றிக்கொண்டு கிளம்புங்கள். வேலை உடையையும் செருப்பையும் வீட்டு வாசலுக்குள் கொண்டுவராதீர்கள். அவற்றை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். மகளின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் வந்தால் குழந்தை மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். 45ஐ எட்டினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த நிலையில் மட்டும், கீலேஷன் வேண்டாம் என்று நான் உங்களுக்குச் சொன்னதை அவளுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். அங்கே அது முறையான சிகிச்சை, மருத்துவமனையில் வைத்துத் தருவார்கள்.

உங்கள் மூவரின் முடிவுகளும் வந்ததும், பழைய கிரியேட்டினின் அறிக்கைகள் எந்த ஆண்டினதாக இருந்தாலும் தேடி எடுத்து, அவற்றோடு ஒரு சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள். பட்டறையில் சேர்ந்த ஆண்டையும், உருக்கும் பகுதியில் எத்தனை ஆண்டுகள் நின்றீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். அவர் கேட்காவிட்டாலும் அதைக் கையில் கொடுங்கள்.